சில பலகைகள்

எங்களுக்கு மரத்தின்மேல் நடந்து பழக்கமில்லை. ஊரில் மரம் என்பது தலைக்கு மேலே இருக்கிற சாமான். பனை வளை, பனஞ்சலாகை, கூரை. அதற்குக் கீழே வந்தால் கதவு, யன்னல், கட்டில். காலுக்குக் கீழே சாணி மெழுகிய மண், அல்லது சீமெந்து. கொஞ்சம் வசதியானவர்கள் வீட்டில் சிவப்புச் சாயம் போட்டு மினுக்கின சீமெந்து. நிலம் என்றால் கழுவுவதற்குரியது. வாளியால் தண்ணீரை ஊற்றித் தும்புத்தடியால் தள்ளி வாசற்படியால் வெளியே விட்டுவிட வேண்டியதுதான். தண்ணீருக்குப் பயப்படுகிற நிலமும் உலகத்தில் இருக்கிறது என்பது பாரிசுக்கு வரும்வரை எங்களுக்குத் தெரியாது.

2012இல் நாங்கள் எடுத்த வீடு லாச்சப்பலுக்குக் கிட்ட, பதினெட்டாம் வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. லிப்ட் இல்லை. 32 சதுர மீற்றர். இரண்டு அறை, ஒரு குசினி. வாடகை 850 யூரோ. ஒப்பந்தத்தில் பெரியண்ணையின் பெயர் மட்டும். சம்பளத் துண்டு காட்டக்கூடியவர் அப்போது அவர் ஒருவர்தான். குடியிருந்தது ஐந்துபேர். தபாற்பெட்டியிலும் அவருடைய பெயர்தான். மற்ற நால்வருக்கும் வருகிற கடிதங்களில் பெயருக்குக் கீழே 'ஷே' என்று போட்டு அவருடைய பெயர் இருக்கும். 'இன்னார் வீட்டில்' என்று பொருள். அகதி விண்ணப்பத்துக்கு ஒஃப்ப்ராவிலிருந்து வருகிற பதிலும் அந்த 'ஷே'யைத் தாண்டித்தான் எங்கள் கைக்கு வரவேண்டும். பிரெஞ்சில் நாங்கள் பிழையில்லாமல் எழுதப் பழகிய முதற்சொல் அதுதான்.

வீட்டைப் பாரம் எடுக்கிற அன்று வீட்டின் நிலைமையைக் குறித்து ஒரு தாள் எழுதுவார்கள். 'எத்தா தே லியூ' என்று பெயர். அதில் பெரிய அறையின் நிலத்தைப் பற்றி ஒரேயொரு வரி இருந்தது: ஓக் மரப் பலகை, பாவித்த நிலையில். நாங்கள் அதை வாசிக்கவில்லை. கையெழுத்து வைத்தோம், திறப்பை வாங்கினோம். ஒன்பது வருடம் கழித்து அந்த இரண்டு சொற்களும் எங்களுக்கு ஆயிரம் யூரோ உழைத்துத் தரும் என்று யார் கண்டது!

அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஒரு சாண் அகலம்கூட இல்லாத ஒடுங்கல் பலகைகள். ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு, மற்றதன் ஓரத்தில் தவாளிப்பு. ஒன்றுக்குள் ஒன்று செருகி, கீழே கிடக்கிற சட்டங்களில் ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். சட்டங்களுக்கு இடையில் உடைந்த சாந்தும் கல்லும் புழுதியும் நிரப்பியிருக்கும். சத்தம் கீழே போகாமல் இருப்பதற்கு. ஆனாலும் போகும். நாங்கள் ஐந்துபேரும் றெஸ்ரோறன் வேலை. மூன்றுபேர் கோப்பை கழுவுகிறவர்கள், இரண்டுபேர் குசினியில் கைவேலை. கடைசி மெற்றோவில் வந்து இறங்கிப் படியேறினால் இரவு ஒன்றரை. சட்டம் ஓடுகிற கோட்டின்மேல் காலை வைத்தால் பலகை முனகாது என்று கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஐந்துபேரும் ஒரே கோட்டில், சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, கள்ளர் மாதிரி நடந்துபோய்ப் படுப்போம். கீழ்வீட்டு மதாமுக்கு மேலே ஒருவர்தான் இருக்கிறார் என்று காட்டவேண்டும் அல்லவா?

2018 நவம்பரில் உடுப்புத் தோய்க்கிற மெசின் ஒன்று வாங்கினோம். வீடு மாறிப்போன ஒருவரிடம் 80 யூரோவுக்கு. குசினியில் இடமில்லாதபடியால் சுவரில் துளைபோட்டுக் குழாயைக் கொண்டுவந்து பெரிய அறையின் மூலையில் வைத்தோம். குழாய் பூட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டிருக்கிறது. மெசினுக்குப் பின்னால் என்பதால் யாரும் காணவில்லை. ஒருநாள் மூலையில் நாலைந்து பலகை அப்பளம் மாதிரி நடுவில் எழும்பி நின்றது. நாங்கள் பகல் முழுக்கத் தண்ணீருக்குள் கைவிட்டுச் சீவிக்கிறவர்கள். எந்தக் கோப்பையில் எந்த அழுக்கு எத்தனை பாகை சூட்டில் போகும் என்று சொல்லக்கூடியவர்கள். எங்கள் வீட்டுக்குள் ஒழுகின தண்ணீரை மூன்று கிழமையாகக் காணவில்லை.

குழாயை மாற்றினோம். அது 9 யூரோவோடு முடிந்தது. பலகைக்கு என்ன செய்வது என்று ஞாயிறு இரவு கூடிப் பேசினோம். வீட்டுக்காரருக்கு அறிவிக்கலாம் என்று மாஸ்ரர் சொன்னார். (ஊரில் ஒரு வருடம் தொண்டர் ஆசிரியராக இருந்தவர்.) அறிவித்தால் ஆள் பார்க்க வருவார். வந்தால் ஐந்து மெத்தை, ஐந்து சோடிச் சப்பாத்து. அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாங்கள் வாடகையைப் பங்குபோடுவது அதற்குள் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. கேட்கப் போகவும் பயம். பெரியண்ணையின் ஒப்பந்தம் போனால் ஐந்துபேரின் முகவரி போகும், முகவரி போனால் கடிதம் போகும், கடிதம் போனால் வழக்கு போகும்.

"பேசாமல் மேல ஒண்டை விரிச்சு மூடுவம்" என்றார் எங்களில் ஒருவர்.

யார் அதைச் சொன்னது என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் ஒருமித்த கருத்தில்லை. ஆனால் விரிப்பது சரிதான் என்று படம் கீறி விளக்கினவர், யாழ்ப்பாணத்தில் கம்பஸில் பௌதீகம் படித்து இரண்டாம் வருடத்தோடு விட்டுவந்தவர். அவருடைய கையால்தான் இதை எழுதுகிறோம். ஈரம் ஆவியாகிப் போவதற்கு வெளி வேண்டும் என்பது உயர்தர வகுப்பிலேயே வருகிற பாடம்.

18 சதுர மீற்றர் பிளாஸ்ரிக் விரிப்பு 130 யூரோவுக்கு வாங்கி, சுவருக்குச் சுவர் இறுக்கி ஒட்டினோம். மரத்தைப்போலவே படம் அச்சடித்த விரிப்பு. பார்க்க நல்ல வடிவாக இருந்தது. நடந்தால் சத்தமும் குறைவு. புத்திசாலித்தனமான வேலை செய்துவிட்டோம் என்று அன்றைக்கு மீன்குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

2019இல் எங்களில் ஒருவர் கனடாவுக்குப் போனார். அவருடைய இடத்துக்குப் புதியவர் ஒருவர் வந்தார். மன்னார்ப்பக்கத்துப் பிள்ளை. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மெசின் இருந்த மூலையில்தான் அவருக்கு மெத்தை போட இடமிருந்தது.

2020 மார்ச் 14 நள்ளிரவோடு பிரான்சில் றெஸ்ரோறன்கள் எல்லாம் பூட்டப்பட்டன. மூன்று நாளில் ஊரடங்கு. எட்டு வருடத்தில் முதற்தடவையாக நாங்கள் எங்கள் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம். இரவு வந்து படுத்து, பத்து மணிக்கு எழும்பி ஓடுகிறவர்களுக்கு வீடு என்பது மெத்தைதான். இப்போது நாள் முழுக்க ஐந்துபேர். மூன்றுபேருக்கு அரசாங்கம் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தது. கறுப்பில் வேலை செய்த ஒருவருக்கு ஒன்றுமில்லை. புதியவருக்கு அகதிப் படி மட்டும். அந்த நாட்களில்தான் மணமும் வந்தது. மழைக்காலத்தில் பழைய வைக்கோற்போரைக் கிளறினால் வருகிற மணம். யன்னலைத் திறந்தோம், சாம்பிராணி போட்டோம். விரிப்பைத் தூக்கிப் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறோம்.

நவம்பரில், இரண்டாம் ஊரடங்கு நேரம், ஒரு விடியப்புறம் புதியவர் எழும்பிக் காலை ஊன்ற, கால் விரிப்போடு சேர்ந்து முழங்கால்வரைக்கும் போகப்பார்த்தது. பெரிய காயமில்லை. கணைக்காலில் சிராய்ப்பும், பாதத்தில் ஏறின சிராம்பும்தான். விரிப்பை வெட்டித் திறந்தோம். கறுத்து, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் அமத்தினால் கேக் மாதிரி உதிர்ந்தது. ஊரில் கறையான் தின்ற மரம் பார்த்திருக்கிறோம். அது உள்ளே கோதாகி வெளியே வடிவாக நிற்கும். இது அப்படியுமில்லை. மூலையில் மட்டும் ஈரமாக இருந்தது, இரண்டு வருடத்தில் அறையின் பாதிக்கு வந்திருந்தது.

அரை மணித்தியாலத்தில் கதவு தட்டுப்பட்டது. கீழ்வீட்டு மதாம். எழுபது தாண்டியிருக்கும். தன் குசினிச் சீலிங்கிலிருந்து புழுதி கொட்டுகிறது என்றா. திறந்த கதவுக்குள்ளால் ஐந்துபேரையும், ஐந்து மெத்தையையும், நடுவில் பொந்தையும் பார்த்தா. நாங்கள் வாயடைத்து நின்றோம். "ஐந்துபேர் என்று எனக்கு எப்பவோ தெரியும், வரிசையாக நடப்பீர்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே போனா. திரும்பி வரும்போது கையில் இரண்டு தாள். தண்ணீர்ச் சேதத்துக்கு மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்துவைத்து, அவரவர் காப்புறுதிக்கு அனுப்புகிற படிவம். பழுதானால் மாற்றி எழுத ஒன்று மேலதிகமாகக் கொண்டுவந்திருந்தா.

அன்று குசினி மேசையில் அந்தத் தாளை முதலிலிருந்து கடைசிவரை எழுத்தெழுத்தாக வாசித்தோம். பெயர், முகவரி, காப்புறுதி இலக்கம், வாடகைக்கா சொந்தமா, தண்ணீர் எங்கேயிருந்து வந்தது, என்ன பழுது. எத்தனைபேர் குடியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியில்லை. திருப்பியும் பார்த்தோம். இல்லை.

வாடகைக்கு இருக்கிறவர் வீட்டுக் காப்புறுதி எடுத்தே தீரவேண்டும். மாதம் 14 யூரோப்படி எட்டு வருடம், 1,344 யூரோ கட்டியிருந்தோம். ஒருநாளும் பாவித்ததில்லை. தண்ணீர்ச் சேதத்தை அறிந்து ஐந்து வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். நாங்கள் இரண்டு வருடம் கழித்து அறிவித்தோம். மதாமின் சீலிங்குக்குப் பணம் வந்தது. எங்கள் நிலத்துக்கு, இது திடீர்ச் சேதமல்ல, பராமரிப்பின்மை என்று பதில் வந்தது. கோபித்துக்கொள்ள எங்களிடம் நியாயமில்லை.

2021 சனவரியில் வீட்டுக்காரரிடமிருந்து பதிவுத்தபால். ஒரு கம்பனியின் விலைமதிப்பு இணைத்திருந்தது. உள்ளதை எழுதுகிறோம், யாருக்காவது உதவும். பழைய பலகையைக் கழற்றி அகற்ற, 18 சதுர மீற்றருக்கு 450 யூரோ. உக்கின சட்டங்களை மாற்ற 280. புதிய ஓக் பலகையும் அடிகூலியும் 1,980. முழுவதையும் உரஞ்சி மெருகெண்ணெய் பூச 720. பத்து வீத வரியோடு 3,773 யூரோ. முழுக்க நாங்கள் கட்டவேண்டும்.

அன்றிரவு எங்களில் ஒருவர் ஊருக்குக் கதைக்கும்போது வாய் தவறி அந்தத் தொகையை அம்மாவிடம் சொல்லிவிட்டார். கிளிநொச்சிப்பக்கம். 2013இல் அம்மாவுக்கு இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. 5,50,000 ரூபா, வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக. அன்றைய மாற்றுப்படி 3,200 யூரோ அளவில் வரும். மிச்சத்துக்கு அறையில் சீட்டெடுத்து அனுப்பினோம். அத்திவாரம், சுவர், கூரை, கதவு, சீமெந்து நிலம் எல்லாம் சேர்ந்து எழும்பின வீடு.

"ஒரு அறையின்ர நிலத்துக்கோ அவ்வளவு காசு?" என்றா அம்மா. பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இவ்வளவு காலமும் நிலம் போடாத வீட்டிலயோ இருக்கிறியள்? சொல்லியிருந்தா நான் கூரைக்குக் காசு கேட்டிருக்கமாட்டனே" என்றா. மாடிவீட்டில் பாரமான சீமெந்து கொட்ட ஏலாது என்று விளங்கப்படுத்த எவ்வளவோ பாடுபட்டோம். அவவுக்கு விளங்கினமாதிரித் தெரியவில்லை.

இந்தமுறை மூடிவைப்பதில்லை என்று முடிவெடுத்தோம். வாடகைச் சட்டங்களைப் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்ல 'அதில்' என்று ஓர் அமைப்பு பிரான்சில் இருக்கிறது. பெரியண்ணையும் இதை எழுதுகிறவரும் போனார்கள். அங்கேயிருந்த பெண் முதலில் கேட்டது அந்த எத்தா தே லியூவைத்தான். 'பாவித்த நிலையில்' என்ற வரியைக் கண்டதும் கோடு போட்டா. ஏற்கெனவே பழையதாக இருந்ததற்குப் புதியதின் விலையை முழுக்க உங்களிடம் கேட்க முடியாது, காலத்தால் தேய்ந்தது குடியிருப்பவரின் கணக்கில் வராது, 1989 ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் 2016இல் வந்த ஓர் ஆணையும் அப்படித்தான் சொல்கின்றன என்றா. ஆனால் தண்ணீரை விட்டது நீங்கள், அதற்குத் தப்ப முடியாது என்றும் சொன்னா. பிறகு 1987 ஆம் ஆண்டு ஆணை ஒன்றைக் காட்டினா. குடியிருப்பவர் தன் செலவில் செய்யவேண்டிய திருத்தங்களின் பட்டியல். அதில் பலகை நிலத்தின் கீழ், 'சில பலகைகளை' மாற்றுவது குடியிருப்பவரின் பொறுப்பு என்று இருக்கிறது. எத்தனை என்று இல்லை. 'சில'.

வீட்டுக்கு வந்து உக்கின பலகைகளை எண்ணினோம். 65.

2018 நவம்பரில் எழும்பி நின்றவை நாலோ ஐந்தோ. அன்றைக்கே சொல்லியிருந்தால் சட்டத்தின் சொல்லும் எங்கள் பலகையும் சரியாகப் பொருந்தியிருக்கும்.

மதாமுக்குத் தெரிந்த ஒரு போர்த்துக்கல்கார ஓடாவியைக் கூப்பிட்டோம். உளியை எடுத்துக் குத்திக் குத்திப் பார்த்து, எந்த இடத்தில் உளி நிற்கிறதோ அதற்கு அப்பால் பலகை நல்லது என்று சோக்கால் கோடு போட்டார். ஏழு சதுர மீற்றர். இடித்த வீடுகளில் கழற்றின பழைய ஓக் பலகை தன்னிடம் இருக்கிறது, அது பக்கத்துப் பலகையோடு ஒத்துப்போகும் என்றார். கழற்ற 175, சட்டங்கள் 280, பலகையும் கூலியும் 665, அறை முழுவதும் உரஞ்சிப் பூச 630. வரியோடு 1,925 யூரோ. பிளாஸ்ரிக் விரிப்பைக் காலால் தட்டி, இது ஏன் என்று கேட்டார். சொன்னோம். ஒரு பலகையைக் கழற்றி வைத்து, யன்னலைத் திறந்து, இரண்டு கிழமை ஹீற்றர் போட்டிருந்தால் காய்ந்திருக்கும்; இரண்டு மூன்று பலகை மாற்றவேண்டி வந்திருக்கும், 150 யூரோ வேலை என்றார். பௌதீகம் படித்தவர் மொழிபெயர்த்துச் சொன்னார். மற்ற நால்வரும் அவரைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தார்கள்.

மே மாதம் இணக்கசபைக்குப் போனோம். வீட்டுக்காரர் தரப்பிலும் குடியிருப்பவர் தரப்பிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருக்கிற சபை. காசில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. பெரியண்ணை சலவைசெய்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ஒஃப்ப்ரா விசாரணைக்கும் அந்தச் சேட்டைத்தான் போட்டவர். வீட்டுக்காரர் தன் 3,773ஐ வைத்தார், நாங்கள் ஓடாவியின் 1,925ஐயும் பழைய எத்தா தே லியூவையும் வைத்தோம். 65 பலகை 'சில' ஆகுமா ஆகாதா என்று இரு தரப்பும் கொஞ்சநேரம் கதைத்தார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. ஐந்துபேர் என்பதை யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்காரருக்கும் அது தெரிந்துதானிருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்தபோது விளங்கிற்று. வாடகை ஒருமாதமும் பிந்தவில்லையே. கடைசியில் இப்படி இணங்கினோம்: சட்டங்களும் உரஞ்சிப் பூசுவதும் அவருடைய செலவு, 1,001 யூரோ. கழற்றுவதும் பலகையும் எங்களுடையது, 924.

924ஐ ஐந்தால் பிரித்தால் 184 யூரோ 80 சதம். பிரிக்கலாமா என்பதுதான் சண்டை. தண்ணீர் ஒழுகின காலத்தில் இருந்தவர் கனடாவில். அவருக்கு இரண்டுதரம் எழுதினோம். மூன்றாம்முறை பதில் வந்தது: "அந்த மெசினை வாங்கச் சொன்னது நானில்லை." மூடச் சொன்னவர் கூடக் கட்டவேண்டும் என்று ஒரு கட்சி. படம் கீறினவர் தான் இரண்டு பங்கு தருகிறேன் என்றார். எல்லோரும் தலையாட்டித்தானே ஒட்டினோம், படம் கீறினதற்கு அபராதமா என்று பெரியண்ணை கத்தினார். கறுப்பில் வேலை செய்தவர், பூட்டின காலத்துக் கடனே இன்னும் முடியவில்லை என்று எழும்பிப்போனார். அடுத்தநாள் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை.

புதியவரிடம் கேட்பதில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒரு மனம். அவர் வந்தபோதே நிலம் உக்கியிருந்தது. விழுந்ததும் அவருடைய கால்தான். அவரோ விடவில்லை. "நானும் மிதிச்சனான்தானே அண்ணை" என்றார்.

ஆனால் அவரிடம் காசாக இல்லை. அகதி விண்ணப்பகாரருக்கு நாளொன்றுக்கு 6 யூரோ 80, அரசாங்கம் தங்குமிடம் கொடுக்காவிட்டால் மேலதிகமாக 7 யூரோ 40. இரண்டும் சேர்ந்து 14 யூரோ 20. அதையும் 2019 நவம்பரிலிருந்து காசாக எடுக்க முடியாது, கடையில் காட்டைக் கொடுத்துச் சாமான் வாங்கலாம், அவ்வளவுதான். ஆகவே அவர் தன் பங்கைச் சாமானாகக் கட்டினார். லாச்சப்பலுக்குப் போய் அரிசி மூட்டை, பருப்பு, மீன், செத்தல்மிளகாய், தேங்காய்ப்பால் பேணி. ஒவ்வொரு துண்டையும் சேர்த்துவைத்துக் கூட்டி எழுதினார். பதின்மூன்று நாட் படி.

யூலையில் ஓடாவி நாலுநாள் வேலை செய்தார். நாங்கள் பொபினியிலும் சார்செலிலும் தெரிந்தவர்கள் வீடுகளில் படுத்தோம். ஒருவர் வேலைத்தலத்து நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில். பலகைக்குக் கீழே அள்ளின சாந்துக்குள் கொண்டையூசிகள், ஒரு 20 சென்ரிம் காசு, பிராங் காலத்தையது, எங்கள் அரிசியும் கடுகும் இருந்தன. காசை ஓடாவி கழுவி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். அங்கேயே இருக்கிறது.

பழைய பலகை கொண்டுவந்தும் நிறம் முழுக்க ஒத்துவரவில்லை. மூலையில் ஏழு சதுர மீற்றர் கொஞ்சம் வெளிறின நிறம். விரிப்பு இல்லாதபடியால் சத்தம் திரும்பவும் வந்துவிட்டது. இரவு ஒன்றரைக்கு வந்தால் இப்போதும் சப்பாத்தைக் கழற்றித்தான் நடக்கிறோம். மதாமுக்குத் தெரியாமல் இருப்பதற்கு அல்ல, அவ நித்திரை கொள்ளவேண்டும் என்பதற்கு.

புதியவருக்கு 2022இல் பத்து வருடக் காட் கிடைத்து, துலூஸில் வேலைக்குப் போனார். போகும்போது அந்த 184 யூரோ 80 சதத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். வாங்கவில்லை, எல்லாரும்தானே சாப்பிட்டது என்றார். அவருடைய இடத்தில் இப்போது இன்னொருவர் படுக்கிறார். அவர் வந்த அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முன்னமே, மெசினின் தண்ணீரை எங்கே பூட்டுவது என்று காட்டிக்கொடுத்தோம். மதாம் தந்த மற்றத் தாள் குசினிக் கதவுக்குப் பின்னால் குத்தியிருக்கிறது. அதையும் காட்டினோம்.